முடிந்தது என்று நான் கோடு போட்ட தோட்டம்

“உவ்வளவும் வாங்கி வைச்சிருக்கிறாய். உதில ஒண்டையாவது முடிச்சிருக்கிறியே?”

நான் நோயில் விழுவதற்கு இரண்டு மாதம் முன் அம்மா இப்படிக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தாமலே கேட்டார். என் கையில் இருந்த விளையாட்டுக் கருவியின் திரையில் பத்தொன்பது சிறு படங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீடியோ கேம். விலை குறைக்கும் நாட்களில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. சிலவற்றை அரை மணி நேரம் தொட்டிருப்பேன். பலவற்றைத் திறந்ததே இல்லை.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர், தன் பெயரை மட்டும் எழுதுவார். அப்பாவும் அதிகம் படிக்கவில்லை. உடுவில் பக்கம் குத்தகைக் காணியில் தோட்டம் செய்துதான் என்னைப் பட்டதாரி ஆக்கினார்கள். இப்போது யாழ்ப்பாண நகரத்தில் சின்னதொரு மென்பொருள் நிறுவனத்தில் பரிசோதகராக இருக்கிறேன். மற்றவர்கள் செய்து தருவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிழை இல்லையென்றால் ‘முடிந்தது’ என்று குறிப்பது என் வேலை. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து ஒன்றையாவது முடித்தாயா என்று கேட்டால்?

அன்றே ஒரு கொப்பி எடுத்துப் பத்தொன்பது பெயரையும் எழுதினேன். மேலே ‘கிடப்பு’ என்று தலைப்புப் போட்டேன். கதை முடிந்து, செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கினால் அந்த விளையாட்டு முடிந்தது; பேனையால் கோடு. சில விளையாட்டுகளுக்கு முடிவே கிடையாது, வேண்டிய காலம் ஆடலாம். அவற்றுக்கும் இதே விதி: முதல்முறை பெயர்கள் ஓடியதும் கோடு. பரிசோதகருக்கு விதி தெளிவாக இருக்க வேண்டும்.

பிறகு இருமல் வந்தது. மார்கழிப் பனி என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் பின்னேரங்களில் காய்ச்சல் காய்ந்தது. ஒருநாள் அலுவலகப் படியில் ஏறும்போது வலது விலாவுக்குள் கத்தியால் குத்தியது போல இருந்தது. பாதிப் படியில் குந்திவிட்டேன்.

எக்ஸ்ரே படத்தில் என் நெஞ்சின் வலது பக்கம் பாதிவரை வெள்ளையாக இருந்தது. என்னைச் சேர்த்த ஆஸ்பத்திரி விடுதிக்குப் பொறுப்பான டொக்டர் என் வயதை விடக் கொஞ்சம்தான் கூடியவர். படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“நுரையீரலைச் சுத்தி ரெண்டு மெல்லிய உறை இருக்கு. ஒண்டோடை ஒண்டு உரஞ்சாமல் இருக்க நடுவில கொஞ்ச ஈரம் இருக்கும். உங்களுக்கு அந்த இடத்தில தண்ணி சேர்ந்திட்டுது. அது அமத்திறபடியால்தான் மூச்செடுக்கக் கஷ்டம்.”

முதுகில் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். பழைய தேன் போல மஞ்சளாக இருந்தது. அது பரிசோதனைக்குப் போய்த் திரும்ப ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் பக்கத்துக் கட்டிலில் யார் இருமினாலும் என் நெஞ்சுதான் திடுக்கிட்டது. புற்றுநோயாக இருக்குமோ என்று நான் பயந்தேன். அம்மா என்ன பயந்தார் என்று நான் கேட்கவில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் அந்த விடுதியில் அம்மாவிடம் நான் கேட்காமல் விட்டவை நிறைய.

முடிவு காசநோய் என்று வந்தது. நெஞ்சு உறையில் வந்த கசம். மற்றவர்களுக்குத் தொற்றுகிற வகை இல்லை என்று டொக்டர் இரண்டு முறை சொன்னார். அம்மா இரண்டாவது முறைதான் மூச்சை விட்டார். பார்க்க வந்த சொந்தக்காரருக்கெல்லாம் “சளிதான், நெஞ்சில கட்டிப்போட்டுது” என்று சொன்னார். கசம் என்ற சொல் ஊருக்குள் போனால் என் கலியாணம்வரை பின்னால் வரும் என்று அவருக்குத் தெரியும்.

“ஆறு மாதம் குளிசை போடவேணும்,” என்றார் டொக்டர். “ரெண்டு மாதத்தில சுகமான மாதிரி இருக்கும். அப்ப விட்டிட்டால் திரும்ப வரும். வரேக்க இந்தக் குளிசைக்கு அடங்காது.”

“முடிஞ்சுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும், டொக்டர்?”

“உங்களுக்குத் தெரியாது. நாங்கள்தான் சொல்லுவம்.”

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

நீர் நிறைய இருந்தபடியால் விலாவுக்கு நடுவே ஒரு குழாய் போட்டார்கள். மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு போத்தலில். நான் மூச்செடுக்கக் குழாய்க்குள் நீர் ஏறும், விட இறங்கும். போத்தல் எப்போதும் நெஞ்சை விடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வடிந்தது திரும்ப உள்ளே போய்விடும். நான் மலசலகூடத்துக்குப் போகும்போதெல்லாம் அம்மா குனிந்தபடியே அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். நிமிர்ந்து நடந்தால் போத்தலும் உயர்ந்துவிடும் என்று அவருக்குப் பயம். நாளுக்கு ஆறு ஏழு முறை. நான் திரும்பிப் பார்த்ததில்லை. நோகுது, மெல்ல வாங்கோ என்று மட்டும் சொல்வேன்.

கூட நிற்பதற்கு அம்மாவுக்கு அனுமதித் துண்டு கொடுத்திருந்தார்கள். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. எனக்குக் கட்டிலும் கருவியும் கொப்பியும். போத்தலோடு கட்டி வைத்திருக்கிற ஒருத்திக்குக் கிடப்பை முடிக்க இதைவிட நல்ல நாட்கள் கிடைக்குமா? முதல் வாரத்தில் மூன்றுக்குக் கோடு போட்டேன். ஒரு புதிர் விளையாட்டு, ஒரு கார் ஓட்டம், கோட்டைக்குள் வாளோடு திரிகிற ஒன்று. ஒவ்வொரு கோடு போடும்போதும் கொப்பியை அம்மா பக்கம் சரித்துப் பிடித்தேன். அம்மா தலையை ஆட்டினார்.

நான்காவது, தோட்ட விளையாட்டு.

ஒரு சின்னத் தீவு. கைவிடப்பட்ட காணி ஒன்று நமக்குக் கிடைக்கும். கொத்தி, நட்டு, தண்ணீர் விட்டு, விளைந்ததை விற்று, கரைக்குப் போகிற உடைந்த பாலத்தைத் திருத்த வேண்டும். விளையாட்டுக் கணக்கில் ஒரு வருடம் ஓடிப் பாலம் திறந்தால் பெயர்கள் ஓடும். பிறகும் விரும்பினால் தோட்டம் செய்துகொண்டே இருக்கலாம். திறந்தபோது பெயர் கேட்டது. என் பெயரை எழுதினேன்.

அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“உதென்ன, பாத்தி கட்டாமல் நடுறாய்?”

“இதில பாத்தி கட்டத் தேவையில்லை அம்மா.”

“வாய்க்கால்?”

“பூவாளியால தண்ணி விடவேணும்.”

“உவ்வளவுக்கும் பூவாளியாலயோ? அந்தப் பெட்டை செத்துப்போவாள்,” என்றார், திரையில் நின்ற சின்னப் பெண்ணைப் பார்த்து.

பக்கத்துக் கட்டிலில் குருநகர் அன்ரி இருந்தார். இழுப்பு நோய்க்காரி, கடற்றொழில் குடும்பம். கழுத்தில் செபமாலை, வாயில் எப்போதும் கதை. அவரும் எட்டிப் பார்த்தார்.

“மகள், உதில மீன் பிடிக்கேலாதே?”

“ஏலும் அன்ரி.” கரைக்குப் போய்த் தூண்டிலைப் போட்டுக் காட்டினேன். ஒரு மீன் துள்ளி வந்தது.

“உந்த மாதிரி மீன் துள்ளி வந்து கையில ஏறினால் என்ரை மனுசன் ஏன் விடியக் காலமை கடலுக்குப் போறார்? உதைச் செய்தவன் கடலைக் கண்டிருக்கமாட்டான்.”

“தோட்டத்தையும் கண்டிருக்கமாட்டான்,” என்றார் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்ரிக்கு இருமல் வந்துவிட்டது.

அதன்பிறகு விடிந்ததும் அம்மா என்னிடம் கேட்கிற முதல் கேள்வி மாறியது. முன்பு “காய்ச்சல் இருக்கோ?” இப்போது “இண்டைக்கு இறைச்சாச்சோ?” திரையில் மழை பெய்தால் அம்மாவின் முகம் இளகும். நான் விதியைப் படித்துச் சொல்ல, எது எங்கே நட வேண்டும் என்று அம்மா சொல்ல, நான் பொத்தானை அழுத்துவேன். ஆங்கிலத்தில் வருவதை வாசித்துச் சொல்வது எனக்குப் பெருமையாக இருந்தது. கருவியை அவரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

திரையில் வெங்காயம் விளைந்து கிண்டி எடுத்த அன்று கடைக்காரனிடம் கொண்டுபோய் முழுவதையும் விற்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். சேலைன் ஊசி குத்தியிருந்த கை, நொந்தது.

“அடியே, விதைக்கு எடுத்து வைக்காமல் விக்கிறியே?”

“அம்மா, இதில விதை கடையில வாங்கலாம். அடுத்த கடையே அதுதான்.”

“கடையில வாங்கிற விதையை நம்பி ஆர் தோட்டம் செய்யிறது? நாப்பதை எடுத்து வை.”

அந்த விளையாட்டில் வெங்காயத்தை நட்டால் வெங்காயம் வராது. விதைப் பைக்கற்றுத்தான் நட முடியும். எடுத்து வைத்த வெங்காயத்தால் ஒரு பயனும் இல்லை. அதைச் சொன்னேன். அம்மா மணிக்கட்டை விடவில்லை. நாற்பதை எடுத்து வீட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடிய பிறகுதான் விட்டார். எங்கள் ஊரில் சின்ன வெங்காயம் அப்படித்தான். கிண்டியதில் திறமானதைப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தூக்கி வைத்து, அடுத்த முறை அதையே நடுவார்கள். நான் பிறந்த வருடத்திலிருந்து அம்மா விதை வெங்காயம் வெளியில் வாங்கியதில்லை. அதை அவர் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்திருந்தது.

அப்பா ஒவ்வொரு நாளும் மத்தியானப் பார்வை நேரத்துக்கு பஸ்ஸில் வருவார். அடுக்குச் சட்டியில் சோறும் முருங்கைக்காய்க் கறியும் இருக்கும். தானே சமைத்தது, உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் இராது. ஒருநாள் நான் கேட்டேன்.

“மழை விட்டிட்டுதெல்லே அப்பா. வெங்காயம் நட்டாச்சோ?”

“ஓம், ஓம். அப்பா நட்டிட்டார்,” என்றார் அம்மா.

அப்பா அடுக்குச் சட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த மூடி. அதைக் கண்டேன். கண்டும் திரையைத்தான் பார்த்தேன்.

போட்ட பதினேழாம் நாள் குழாயைக் கழற்றினார்கள். “மூச்சைப் பிடியுங்கோ” என்றார்கள், இழுத்தார்கள், பிளாஸ்டர் ஒட்டினார்கள். முடிந்துவிட்டது. விலாவுக்குள் இருந்து நீளமாக ஒரு பாம்பு போனது போல இருந்தது. அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்தச் சந்தோசத்தில், அம்மா தேத்தண்ணி வாங்கப் போயிருந்த நேரம், பாலத்துக்கான கடைசிப் பலகையையும் போட்டேன். தீவுச் சனம் கூடியது. வெடி கொளுத்தினார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கின.

கொப்பியை எடுத்துக் கோடு போட்டேன். பத்தொன்பதில் நான்கு.

அடுத்த விளையாட்டை இறக்கக் கருவியில் இடம் போதவில்லை. தோட்ட விளையாட்டை அழிக்கக் கொடுத்தேன். சேமித்து வைத்ததையும் சேர்த்து அழிக்கவா என்று கருவி கேட்டது. ஓம் என்றேன். நிச்சயமா என்று மறுபடி கேட்டது. இரண்டாம் முறையும் ஓம் என்றேன். என் வேலையே அதுதானே, முடிந்ததை முடிந்தது என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போவது.

அம்மா பிளாஸ்கோடு வந்து உட்கார்ந்தார்.

“இறைச்சாச்சோ?”

“அது முடிஞ்சுது அம்மா.”

“என்னெண்டு முடிஞ்சது? கத்தரி இன்னும் பூக்கவே இல்லை.”

“பாலம் கட்டியாச்சு. பேரெல்லாம் ஓடினது. பேர் ஓடினால் முடிஞ்சுதுதான். இஞ்சை பாருங்கோ, கோடு போட்டிட்டன்.”

அம்மா கொப்பியைப் பார்க்கவில்லை. “சரி, தோட்டத்தை ஒருக்கால் காட்டு.”

“அழிச்சிட்டன். இடம் காணாது.”

பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்த பிறகும் கொஞ்சம் வார்த்தார்.

“பெட்டிக்குள்ளை இருந்த நாப்பதும் போட்டுதோ?”

“ஓம்.”

குருநகர் அன்ரி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “கேம்தானே அக்கா, விடுங்கோ,” என்றார்.

“ஓம். கேம்தானே,” என்றார் அம்மா. சிந்தியதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மூடியை என்னிடம் நீட்டினார். “சூடு, ஊதிக் குடி.”

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், நடக்கப் பழக வேண்டும் என்று கொட்டில் வரை போனேன். விதை வெங்காயம் தூக்கி வைக்கிற தடியில் ஒன்றும் இல்லை. கீழே சருகு மட்டும். அப்பால் காணி முழுக்கப் புல்.

அப்பா கிணற்றடியில் நின்றார். கேட்டேன்.

“நான் தனிய எப்பிடியம்மா நடுறது? விடியச் சமைச்சுக்கொண்டு பஸ் பிடிச்சால் பின்னேரம்தான் திரும்புறன். அதுகள் முளைச்சு வத்தி அழுகிப்போச்சு. அம்மாட்டைச் சொன்னனான். பிள்ளைக்குச் சொல்லாதையுங்கோ எண்டவ.”

“எப்ப சொன்னனீங்கள்?”

அப்பா யோசித்தார். “உனக்குக் குழாய் போட்ட கிழமை.”

நாற்பது வெங்காயத்துக்காக அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தது அதற்கு அடுத்த வாரம். கொட்டிலில் ஒரு பிடியும் மிஞ்சவில்லை என்று அப்போது அவருக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். என்ன சொல்லிக் கேட்பது? கேமை அழித்ததற்கா? அப்பா துடைத்த மூடியைக் கண்டும் கேட்காமல் இருந்ததற்கா? அடுப்படியில் அவர் எனக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார். “என்ன பிள்ளை?” என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன்.

குளிசை தொடங்கினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, பிறகு இரண்டு வகை. வெறுவயிற்றில், கிளினிக்கில், அவர்கள் கண்முன்னால் விழுங்க வேண்டும். இரண்டாம் மாத முடிவில் டொக்டர் சொன்னபடியே சுகமாக இருந்தது. எடை கூடியது. படியில் ஓடி ஏறினேன். ஒருநாள் காலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எனக்கு முடிந்துவிட்டதே, பிறகு ஏன் இந்த அலைச்சல் என்று தோன்றியது. திரும்பி வீட்டுக்கு நடக்கத் தொடங்கிப் பத்தடி போயிருப்பேன். ‘நிச்சயமா’ என்று கருவி கேட்டது நினைவு வந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

இதற்கிடையில் கிடப்பில் பதினொன்றுக்குக் கோடு விழுந்துவிட்டது. அம்மாவுக்கு நான் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் கருவியோடு இருக்கிற இடத்தில் அவர் வந்து உட்காரவும் இல்லை. சிறுபோகத்துக்கு அப்பா கொடிகாமம் சந்தையில் விதை வெங்காயம் வாங்கி வந்தார். அம்மா ஒரு வெங்காயத்தை எடுத்து விரலுக்குள் உருட்டி, மணந்து பார்த்து, திரும்பச் சாக்குக்குள் போட்டார். “நல்லதோ?” என்று கேட்டேன். “ஆரின்ரையோ வெங்காயம்,” என்றார்.

போன மாதம் தோட்ட விளையாட்டை மறுபடி இறக்கினேன். “வாங்கோ அம்மா, திரும்ப முதலில இருந்து செய்வம்,” என்று கூப்பிட்டேன். “நீ செய் பிள்ளை. எனக்கு உதைப் பாத்துக்கொண்டிருக்க நேரமில்லை.” கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் ‘பாத்துக்கொண்டிருக்க’ என்றதில் நின்றுவிட்டேன். அந்த விடுதியில் அத்தனை நாளும் அம்மா செய்தது அதைத்தான். தோட்டம் செய்யத் தெரிந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாத நான், என் பெயரைப் போட்டு, பொத்தான்களை என் கையில் வைத்திருந்தேன்.

கொப்பியில் அந்த விளையாட்டின் மேல் போட்ட கோடு பேனைக் கோடு, அழியாது. பட்டியலின் கடைசியில் அதை இன்னொரு முறை எழுதினேன். பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன்.

இன்று காலை கிளினிக்குக்குப் புறப்படுமுன் மிச்சப் பிளாஸ்டரை எடுத்து, விலாவில் ஒட்டின அதே சுருளை, சிறு துண்டுகளாக வெட்டினேன். கருவியின் வலது பக்கத்தில் நான்கு பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்து. ஒன்றை மூடி ஒட்டி அதன்மேல் நீர்த் துளி வரைந்தேன். இன்னொன்றில் மண்வெட்டி. மூன்றாவதில் பறிக்கிற கை. பெயர் கேட்ட இடத்தில் அம்மாவின் பெயரை எழுதி, முதல் நாள் விடிந்து, வெறுங்காணி முன்னால் அந்தச் சின்னப் பெண் வந்து நிற்கும்வரை கொண்டுபோய், அங்கேயே விட்டேன்.

நான்காவது, விற்கிற பொத்தான். அதில் ஒன்றும் வரையவில்லை. விரல் தவறிப் பட்டாலும் அமுங்காதபடி, மேலே இரண்டு சுற்றுப் பிளாஸ்டர் ஒட்டினேன். கருவியை அம்மாவின் வெங்காயக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து பஸ் ஏறினேன்.